கணிதக் குறியீடுகள் அச்சேறிய வரலாறு

கணித நூலொன்றைக் கையிலெடுப்போர் அதன் பொருளை நோக்குவரேயன்றி, அப்பொருளைத் தாங்கி நிற்கும் அச்சினை நோக்குவதில்லை. பின்னத்தின் இடையே கிடக்கும் கோடும், வர்க்கமூலத்தின் மேலே படர்ந்த கூரையும், அடுக்கெண்ணின் சிற்றுருவும் தாமே தாளில் முளைத்தன போலத் தோன்றும். உண்மையில் அவை ஒவ்வொன்றும் ஒருவர் கையால் இடமறிந்து வைக்கப்பட்டனவாம். அக்கை ஈய எழுத்தைப் பொறுக்கிய கையாகவும் இருக்கலாம். கணினியின் விசைப்பலகையைத் தட்டிய கையாகவும் இருக்கலாம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிருந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். கோமாரியிற் பிறந்து, தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதம் பயின்று, இப்பொழுது சர்வகலாசாலையொன்றில் ஆய்வுப் பட்டத்துக்கு உழைத்து வருபவன். சென்ற ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், “சேர், கட்டுரைய எந்த மென்பொருளில எழுதுறது? ஆளுக்கொன்று சொல்றாங்க” என்றான். வெளிவாரிப் பட்டதாரியாகிய யான் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகியவனல்லேன். வினாத்தாள் எழுதிப் பழகியவன். ஆதலால் உடனே விடை கூற இயலவில்லை. பழைய கதையை முதலில் அறிந்து பின்னர் விடை கூறலாமென்று எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

தமிழ்க் கணிதம் பழங்காலத்திற் குறியீட்டை அதிகம் வேண்டியதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலிய நூல்கள் செய்யுளிற் கணக்கைச் சொல்லிச் செய்யுளில் விதியையும் தந்தன. சமன்பாடு என்று நாம் இன்று எழுதுவது அவற்றில் வாக்கியமாகவே நின்றது. எனினும் பின்னங்களுக்குத் தமிழர் தனிக்குறிகள் வைத்திருந்தனர். காலும் அரையும் மட்டுமன்றி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்பனவற்றுக்கும் வடிவங்கள் இருந்தன. எழுத்தாணி எவ்வடிவத்தையும் ஏட்டிற் கீற வல்லதாகையால் அக்காலத்தில் இடர் இல்லை. அச்சு வந்தபோதுதான் வார்க்கப்பட்ட எழுத்துக்கே வாழ்வு, வார்க்கப்படாததற்கு மறைவு என்னும் நிலை ஏற்பட்டது. முந்திரியும் காணியும் மெல்ல வழக்கொழிந்தமைக்குத் தசம முறையும் ஆங்கிலக் கல்வியும் பெருங்காரணங்கள். அச்செழுத்துப் பெட்டியின் அறைகள் போதாமையும் ஒரு சிறு காரணமாய் இருந்திருக்கலாமென்பது என் ஊகம். 2019 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த யூனிக்கோட் 12 ஆம் பதிப்பிலேயே இப்பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக ஐம்பத்தொரு வடிவங்கள் கணினியில் இடம் பெற்றன.

இனி யாழ்ப்பாணத்து அச்சினை நோக்குவாம். அமெரிக்க மிசனரிமார் 1816 இல் வந்திறங்கியபின் தமக்கோர் அச்சியந்திரசாலை வேண்டுமென விரும்பினர். அதற்கென வந்த அச்சாளர் ஜேம்ஸ் கரெட் என்பாரை 1820 இல் ஆங்கில அரசாங்கம் இத்தீவில் தங்கவொட்டாது அனுப்பிவிட்டது. அவர் பம்பாய்க்குப் போய் அங்குப் பணியாற்றினார். 1830களில் தடை நீங்கி மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் தொழிற்படத் தொடங்கிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியோ 1823 முதல் கணிதத்தையும் வானசாத்திரத்தையும் கற்பித்து வந்தது. அங்குப் பயின்று ஆசிரியராயும் விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை இயற்றிய வீசகணிதம் 1855 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிற்று. அதே ஆண்டிலேயே செமினரியும் மூடப்பட்டது. ஐரோப்பிய முறையான அட்சரகணிதத்தைத் தமிழிற் கூறிய நூலொன்று, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, நம்மவர் ஒருவரால் எழுதப்பட்டு அச்சிலும் வந்துவிட்டது என்பது நாம் எளிதில் மறக்கத்தகாத செய்தி. 1857 இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதலாவது பி. ஏ. பரீட்சையிலே தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இவ் விசுவநாதபிள்ளையுமாவர். கடல் கடந்த சர்வகலாசாலையொன்றின் பரீட்சைக்குத் தோற்றிப் பட்டம் பெற்றவர் என்ற வகையில் வெளிவாரிப் பட்டதாரிகளாகிய எம்மனோர்க்கு அவர் முன்னோரெனக் கொள்வதில் எனக்கொரு மகிழ்ச்சி உண்டு.

அத்தகைய நூலை அச்சுக்கோத்தவர் பட்ட பாட்டைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். சாதாரண உரைநடை ஒரே வரியில் ஓடுவது. கோப்பவர் இடக்கையிற் கோப்புச் சட்டத்தைப் பிடித்து, வலக்கையால் அறையறையாக எழுத்தைப் பொறுக்கி நிரப்பிக்கொண்டே போகலாம். சமன்பாடோ ஒரு வரியில் அடங்குவதன்று. பின்னமொன்று வருமாயின் மேலெண்ணைத் தனியாகவும் கீழெண்ணைத் தனியாகவும் சிறிய எழுத்திற் கோத்து, இடையே மெல்லிய பித்தளைத் தகட்டை வைத்து, இருபுறமும் இடைவெளிக் கட்டைகளால் இறுக்கி, அம்முழுத் தொகுதியையும் பக்கத்திலுள்ள பெரிய எழுத்தின் நடு உயரத்துக்கு ஒப்ப நிறுத்த வேண்டும். ஒரு கட்டை மயிரளவு தளர்ந்தால் இயந்திரம் ஓடும்போது எழுத்து மேலெழும்பித் தாளைக் கிழிக்கும். அடுக்கின்மேல் அடுக்கு வந்தாலோ சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து அமெரிக்காவிலும் அச்சகத்தார் கணிதக் கைப்பிரதியைத் தண்டப் பிரதி என்றே வழங்கினர். அதனைக் கோப்பதற்குக் கூலி மிகுதி. மொனோரைப் இயந்திரம் வந்த பின்னரும் எழுத்தை வார்த்துத் தந்தது இயந்திரம். இடமறிந்து அமைத்தது கையே.

தமிழிலே இவ்விடர் இரட்டித்தது. தமிழ் எழுத்தின் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் கொம்புகளும் உண்டு. ஆங்கில எழுத்து நிற்கும் உடலுயரத்தில் தமிழ் எழுத்தை வார்த்தால் அது நசுங்கியதுபோலத் தோன்றும். இரண்டையும் ஒரே வரியில் நிறுத்தும் சமன்பாட்டுப் பக்கம் தமிழ்க் கோப்பாளர்க்கு ஓயாத தலையிடி. இந்தத் தலையிடி ஈயத்தோடு ஒழிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

எம் கரையோரத்துக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றனை ஈண்டுக் கூறாது மேற்செல்ல மனமில்லை. கோமாரியிலிருந்து வடக்கே திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர் என்னும் ஊர்களைக் கடந்தால் வருவது காரைதீவு. அவ்வூரிலே 1892 இற் பிறந்த மயில்வாகனம் என்பாரே பிற்காலத்தில் விபுலாநந்த அடிகளாகியவர். அவரைப் பண்டிதராகவும் துறவியாகவும் கவிஞராகவும் போற்றுவோர் பலர். அவர் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர் என்பதை நினைப்போர் சிலர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இல் இலண்டன் சர்வகலாசாலையின் பி. எஸ்ஸி. பரீட்சையிலும் தேறியவர் அவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்ததும் அக்காலத்தேயாம். 1936 இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளிவந்தது. தமிழிற் கணிதமும் பௌதிகமும் எழுதுவதற்குச் சொல் வேண்டும் என்ற கவலை அவரிடம் எத்துணை ஆழமாய் இருந்தது என்பதற்கு அது சான்று.

ஆயினும் நம் பொருளுக்கு மிக வேண்டியது அவரது யாழ்நூல். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய அந்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947 இல் வெளியிட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகள் மறைந்தார். பழந்தமிழிசையை ஆராயும் அந்நூல் இலக்கிய நூல் மட்டுமன்று, கணித நூலுமாகும். நரம்புகளின் இடைவெளியைப் பின்ன விகிதங்களால் அளந்து, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்குமாற்றைக் காட்டுவது அது. இத்துறையில் எண் எவ்வாறு பெருகுமென்பதற்கு ஓர் எளிய கணக்கைக் கூறுகிறேன். இளிக்கிரமம் என்னும் முறையில், ஒரு நரம்பிலிருந்து 3/2 விகிதத்தில் ஏறிப் பன்னிரண்டாம் படியை அடைந்தால் கிடைப்பது 531441/4096, அதாவது ஏறத்தாழ 129.746. தானம் தானமாக ஏழு முறை இரட்டித்தால் வருவது 128. இரண்டும் ஒன்றாக வேண்டியவை போலத் தோன்றியும் ஒன்றாகா. இச்சிறு வேற்றுமையை எங்கே ஒளிப்பது என்பதே உலகத்து இசைக்கணிதர் அனைவரையும் வருத்திய வினா. இத்தகைய பின்னங்களையும் அட்டவணைகளையும் வட்டப்பாலை முதலிய உருவங்களையும், செய்யுளும் உரையும் நிறைந்த தமிழ்ப் பக்கத்தினிடையே அமைக்க வேண்டியிருந்தது. ஈய எழுத்தாற் கோத்து, படங்களுக்குப் புளொக் செய்து, ஒவ்வோர் எண்ணையும் மெய்ப்புப் பார்த்து அந்நூலைக் கொண்டுவந்தவர்களின் பொறுமையை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது. தமிழில் ஆய்வுக் கணிதத்தை அச்சேற்ற இயலுமா என்று வினவுவோர்க்கு யான் முதலிற் காட்டுவது யாழ்நூலையே.

பாடசாலைகளின் நிலை வேறு. அவற்றுக்கு அச்சகம் எட்டாதது. தட்டச்சும் றோணியோவுமே கைவந்தவை. தமிழ்த் தட்டச்சின் தந்தை என வழங்கப்பெறும் யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, இத்தனை தமிழ் எழுத்துக்களையும் ஆங்கில எழுத்துக்கென அமைந்த சில்லறை விசைகளுள் அடக்கியதே பெருஞ்சாதனை. வர்க்கமூலத்துக்கு அங்கே இடம் ஏது? ஆகவே மெழுகுத் தாளில் சமன்பாட்டுக்கு வெற்றிடம் விட்டுத் தட்டச்சுச் செய்து, பின்னர் கூரிய ஊசியாற் குறிகளைக் கீறுவது வழக்கமாயிற்று. 1990களில் யான் படித்த கணித வினாத்தாள்கள் அத்தகையன. ஆசிரியர் கை நடுங்கினால் வகையீட்டுக் குறி நடுங்கும். மை மிகுந்தால் மூன்று எட்டாகும். அவற்றுட் பலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது அவையும் போயின. மனிதர் போன நாளில் தாள் போனதைச் சொல்வது தகாது. ஆகலின் இவ்வளவில் நிறுத்துகிறேன்.

நிற்க. மேனாட்டிலே ஈய எழுத்து மறையத் தொடங்கியது 1960களில். ஒளிப்பட முறையால் எழுத்தமைக்கும் இயந்திரங்கள் வந்தன. அவை மலிவானவை; ஆனால் கணிதத்துக்கு ஏற்றன அல்ல. பல கணித ஏடுகள் தட்டச்சுப் பிரதியையே படமெடுத்து அச்சிடலாயின. அந்நாளிலே ஸ்ரான்போட் சர்வகலாசாலைப் பேராசிரியர் டொனால்ட் குனூத் என்பார் கணினி நிரலாக்கக் கலை பற்றிய பெருநூலொன்றைத் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். முதற்றொகுதி 1968 இல் பழைய ஈய முறையில் அழகாக வந்தது. இரண்டாம் தொகுதியின் திருத்திய பதிப்புக்கென 1977 இல் வந்த மெய்ப்புக்களைக் கண்டதும் அவர் மனம் உடைந்தது. எழுத்தின் வடிவமும் இடைவெளியும் அத்துணை இழிந்திருந்தன. பிறரானால் அச்சகத்தாரோடு வாதாடி அமைந்திருப்பர். அவரோ ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிகளாக அமைக்கும் புதிய இயந்திரங்கள் வந்திருப்பதை அறிந்து, புள்ளியை எங்கே வைப்பது என்பது நிரலாக்கத்தின் வேலை, அது என் வேலை எனத் துணிந்தார். சில மாதங்களில் முடியுமென்று தொடங்கிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று.

அவ்வாறு பிறந்ததே டெக் என்னும் நிரல். கலை என்றும் தொழில்நுட்பம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இறுதி எழுத்தை ஆங்கிலத்தார் எக்ஸ் என ஒலிப்பது பிழை. நமக்கு அவ்விடர் இல்லை. எழுத்துருக்களை வரைதற்கு மெற்றாபொன்ற் என்னும் மற்றொரு நிரலையும் அவரே இயற்றினார். 1978 சனவரியில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் பேருரையொன்றில் கணித அச்சுக்கலையையே பொருளாக எடுத்து அவர் பேச, அக்கழகம் இம்முறையைத் தழுவிக்கொண்டது. நிரலை விலைக்கு விற்கவுமில்லை, மூலத்தை மறைக்கவுமில்லை. பிழை கண்டுபிடிப்போர்க்கு 2 டொலர் 56 சதம் காசோலை அனுப்பினார். பதிப்பு எண்ணை 3.14, 3.141 எனப் பை என்னும் எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீட்டிச் செல்கிறார். 2021 இல் அது 3.141592653 ஆயிற்று. புதிய வசதி எதனையும் சேர்க்காது பிழை மட்டும் திருத்துவது என 1990 அளவில் முடிவு செய்தமையால், நாற்பதாண்டுக்கு முன் எழுதிய பிரதியும் இன்று அதே பக்கத்தை அப்படியே தரும். ஆண்டுக்கொரு முகம் காட்டும் மென்பொருள்களினிடையே இஃதோர் அரிய குணம்.

குனூத் ஒருவரே இவ்வழி சென்றாரென எண்ணலாகாது. அவருக்கு முன்னரே பெல் ஆய்வுக்கூடத்தில் பிரையன் கேணிகனும் லொறிண்டா செரி அம்மையாரும் சமன்பாடு அமைக்கும் மொழியொன்றை ஆக்கி 1975 இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டனர். கரும்பலகைச் சமன்பாட்டை ஆசிரியர் வாயால் எவ்வாறு படிப்பாரோ, அவ்வாறே தட்டச்சுச் செய்வது அவர்தம் முறை: மேலெண், பின்னர் ‘ஓவர்’, பின்னர் கீழெண். இன்று இலவசமாய்க் கிடைக்கும் லிபர் ஒபிஸ் தொகுதியின் சமன்பாட்டுப் பகுதியிலும் இந்த ‘ஓவர்’ உயிரோடிருக்கிறது. டெக்கின்மேல் லெஸ்லி லம்போட் என்பார் 1980களின் நடுவிற் கட்டிய லேடெக், நூலாசிரியர் அச்சுக்கோப்பாளராக வேண்டியதில்லை என்னும் நிலையை உண்டாக்கிற்று. இஃது அத்தியாயம், இது தேற்றம், இது சமன்பாடு எனச் சொன்னாற் போதும். இலக்கமிடுவதும் இடம் காண்பதும் நிரலின் பொறுப்பு. 1991 இல் பௌதிகவியலார் தம் கட்டுரைகளை வலையிற் பகிரத் தொடங்கியபோது, எந்தக் கணினியிலும் எளிய எழுத்துக்களாகவே செல்லக்கூடிய இம்முறையே அவர்களுக்கு வாய்த்தது.

இங்கே தமிழர் எங்கே நின்றனர்? இவ்வினாவே என்னை மிக வருத்துவது.

இலங்கையில் எம் தலைமுறையினர்க்குக் கணினியில் முதன்முதல் தமிழைக் காட்டியது பாமினி போன்ற எழுத்துருக்கள். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்தனவேயன்றி வேறல்ல. எம் என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் அகரம் தோன்றும். உள்ளே கணினிக்கு அஃது எம் தான். உரைநடைக்கு இது போதுமாயிருந்தது. சமன்பாட்டுக்கோ நஞ்சாயிற்று. ஒரு தவணைப் பரீட்சைக்கு ஒருங்கமை சமன்பாட்டுக் கணக்கொன்றை எழுதிக்கொடுத்தேன். தட்டச்சுச் செய்த இடத்தில் முழுப்பந்தியையும் தெரிந்து ஒரே எழுத்துருவாக மாற்றிவிட்டனர். தாள் அச்சாகி வந்தபோது எக்ஸ் இருந்த இடத்தில் ‘ஒ’வும், வை இருந்த இடத்தில் ‘ல’வும், கூட்டற்குறி இருந்த இடத்தில் ஊகாரக் கொம்பும், சமக்குறி இருந்த இடத்தில் ‘ஸ்ரீ’யும் வீற்றிருந்தன. பரீட்சை மண்டபத்தில் வகுப்பு வகுப்பாய் ஓடிக் கரும்பலகையில் திருத்தி எழுதினேன். ஆயினும் ஒரு பிள்ளை, யான் வருமுன்னரே குறிகளை ஊகித்து, ஒ, ல என்பனவற்றையே மாறிகளாகக் கொண்டு கணக்கைச் சரியாகச் செய்து முடித்திருந்தது. முழுப் புள்ளியும் கொடுத்தேன். மாறிக்குப் பெயரில் என்ன இருக்கிறது?

டெக் முறையிலும் தமிழ் பின்தங்கியே வந்தது. குனூத் முதலில் அமைத்தது 128 எழுத்துக்களுக்கே. ஐரோப்பியர் வேண்டியபின் 256 ஆக விரிந்தது. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த தோமஸ் ரிட்ஜ்வே என்பார் மெற்றாபொன்ற் முறையில் தமிழ் எழுத்துருவொன்றை ஆக்கி வழங்கினார். உரோம எழுத்திற் பெயர்த்தெழுதி, அதை ஒரு நிரலினாற் புடைத்தெடுத்துத் தமிழாக்க வேண்டும். உண்மையில் தமிழ் எழுத்தமைப்பில் ஒரு தடை உண்டு. ‘கொ’ என்பதிலே மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. ஆனால் ஒலியின் வரிசையோ ககரம் முன், ஒகரம் பின். 1991 இல் வந்த யூனிக்கோட் ஒலிவரிசையிலேயே தமிழைச் சேமித்தது; கண்ணுக்குரிய வடிவவரிசையாக மாற்றுவது எழுத்துருவின் கடமையாயிற்று. அக்கடமையைச் செய்யவல்ல டெக், 2004 இல் ஜொனதன் கியூ என்பார் ஆக்கிய ஸீடெக் ஆகும். அதன் பின்னரே தமிழைத் தமிழாகவே தட்டச்சுச் செய்து, அதே வரியிற் சமன்பாட்டையும் அமைப்பது இயல்வதாயிற்று. மலையாளத்தவராகிய சந்தோஷ் தோட்டிங்கல் தமிழுக்குச் சொற்பிரிப்பு விதிகளையும் அமைத்துத் தந்துள்ளார். இதைச் சிறு உதவியென்று எண்ணற்க. டெக் ஒரு பந்தி முழுவதையும் ஒருங்கே நோக்கி வரிகளை எங்கே முறிப்பதெனத் தீர்மானிப்பது. நீண்ட தமிழ்ச் சொற்களைப் பிரிக்கத் தெரியாவிடின் அதன் திறமை முழுவதும் வீணாய், சொற்களினிடையே ஆறு ஓடும்.

இந்தியாவைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரத்திலே 1990களில் சி. வி. ராதாகிருஷ்ணன் முதலியோர் டெக் முறையில் அச்சமைக்கும் தொழிலைத் தொடங்கி, அதன் பயன்படுத்துநர் கழகத்தையும் நிறுவினர். உலக டெக் மாநாடு 2002 இல் அங்கே கூடிற்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் மேனாட்டு வெளியீட்டாளர்க்கு விஞ்ஞான ஏடுகளை அச்சமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் பலவுள. உலகின் பெருஞ் சமன்பாடுகள் பல தமிழ்க் கைகளால் நாள்தோறும் அமைக்கப்படுகின்றன. தமிழ் வாக்கியத்தின் நடுவே ஒரு தொகையீட்டுக் குறியை அமைக்கும் வாய்ப்பு அக்கைகளுக்கு எத்தனை நாளைக்கொருமுறை கிடைக்கும்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மைக்ரோசொப்ட் வேர்ட் எங்கும் இருக்கிறது. எழுதுவது எழுதியவாறே கண்முன் தோன்றுகிறது. தமிழையும் இப்பொழுது நன்றாகவே காட்டுகிறது. கட்டளை எதனையும் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. பலமுறை வேர்ட் கோப்பாகவே தரவேண்டுமெனக் கேட்கும் ஏடுகளும் உள்ளன. எம்போன்ற ஆசிரியர்க்கு ஒரு பக்க வினாத்தாளுக்கு அதுவே போதும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அதனோடு நெடுங்காலம் இணைந்திருந்த பழைய சமன்பாட்டுக் கருவியைப் பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018 சனவரியில் நீக்கிவிட்டனர். அதன் பின் பழைய கோப்புக்களைத் திறந்தால் சமன்பாடுகள் படம்போலக் கண்ணுக்குத் தெரிந்தன. கைவைத்துத் திருத்த இயலவில்லை. பத்தாண்டாகச் சேர்த்த என் வினாக்கள் ஒரே நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்டன. 2007 இல் வந்த புதிய கருவி பழையதினும் மேலானதே. என் பழைய வினாக்களை மீண்டும் ஒவ்வொன்றாகத் தட்டித் தந்தது அக்கருவியன்று, என் விரல்களே.

வரைபடங்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். முற்காலத்தில் மரத்திலும் பின்னர் துத்தநாகத்திலும் புளொக் செய்தனர். படத்தின் எழுத்தும் நூலின் எழுத்தும் ஒருபோதும் ஒத்துவரா. இன்று டில் தந்தவ் என்பாரின் ரிக்ஸி முறையில், புள்ளியின் ஆள்கூற்றைச் சொன்னால் நிரலே கோடிழுத்து, நூலின் அதே எழுத்துருவிற் பெயரும் இடும். பழக நாளாகும். மார்க்குஸ் ஹோகன்வாட்டர் 2001 இல் ஆக்கிய ஜியோஜீப்ராவில் உருவத்தைக் கையால் வரைந்து, ரிக்ஸிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் குறுக்கு வழியும் உண்டு. வட்டத் தேற்றங்களுக்கு யான் கையாள்வது அதுவே.

மாணவனுக்கு யான் கூறிய விடை இதுதான். சமன்பாடு பத்துக்கு மேற்பட்டு, இலக்கமிட்டு, பின்னர் அவ்விலக்கத்தைச் சுட்ட வேண்டிய எதனையும் லேடெக்கில் எழுது. இணையம் தடையின்றிக் கிடைக்கும் இடமாயின் ஓவர்லீப் தளம் எளிது; கோமாரியில் மின்சாரமும் இணைப்பும் தாம் நினைத்தபோது போவனவாகையால் முழுத் தொகுதியையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்; சில கிகாபைற்று ஆயினும் சர்வகலாசாலையில் இறக்கிக் கொண்டுவரலாம். 2023 இல் வெளிவந்த ரைப்ஸ்ற் என்னும் புதியது விரைவானது, கற்கவும் எளிது; ஆனால் உன் துறை ஏடுகள் அதை ஏற்கின்றனவா எனக் கேட்டறிந்து தொடு. தமிழ் கலந்து எழுதுவதாயின் ஸீடெக்கைக் கொண்டே அமை. பாமினிப் பக்கம் போகாதே. இவை யாவும் அவன் வேறெவரிடமும் கேட்டிருக்கக்கூடியனவே.

அவன் அடுத்துக் கேட்டதற்குத்தான் விடை எளிதன்று. “தமிழில எழுதி யார் சேர் வாசிக்கப் போறாங்க?” இந்நாட்டில் உயர்தர வகுப்பு வரை கணிதம் தமிழில் நடக்கிறது, சர்வகலாசாலை விஞ்ஞான பீடத்தின் வாயிலில் அது நின்றுவிடுகிறது. பத்தொன்பது வயதுவரை சார்பு, எல்லை, தொகையீடு என்று சிந்தித்த பிள்ளை ஒரே தவணையில் அச்சொற்கள் யாவற்றையும் களைந்துவிட்டுப் போகின்றான். கருவி இல்லை என்பது முன்னர் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1855 இல் ஈயத்தால் இயன்றது, 1947 இல் ஈயத்தாலும் புளொக்காலும் இயன்றது. இப்பொழுது கருவி இலவசமாகக் கிடக்கையில், அக்காரணத்தை இனி எவரும் கூற இயலாது. வாசிப்போர் இல்லாமை எழுதுவோர் இல்லாமையால் விளைந்ததா, எழுதுவோர் இல்லாமை வாசிப்போர் இல்லாமையால் விளைந்ததா என்பதை யான் அவனோடு வெகுநேரம் வாதித்தேன். முடிவு காணவில்லை. வாதம் முடியுமுன் அக்கரைப்பற்றுப் பேருந்து வந்துவிட்டது.

மூன்று மாதங்கள் கழிந்தபின் ஒரு மின்னஞ்சல் வந்தது. பேராசிரியர்க்குரிய கட்டுரை ஆங்கிலத்தில் தனியாக எழுதப்பட்டுவிட்டதென்றும், முதல் அத்தியாயத்தை மட்டும் தமிழில் எழுதிப் பார்த்ததாகவும், “சேர் பிழை பார்த்துத் தாங்க” என்றும் குறித்திருந்தான். பதினொரு பக்கம், இருபத்துமூன்று சமன்பாடுகள், இரண்டு வரைபடங்கள். மேற்கூரையும் அடுக்கெண்ணும் தத்தம் இடத்தில் நின்றன. தமிழ் வரி ஆங்கிலக் குறியினருகே நசுங்காமல் நிமிர்ந்திருந்தது. கடைத்தெருவில் அச்செடுத்துவந்து இரவு முழுவதும் படித்தேன். பாதிக்குமேல் எனக்கு விளங்கவில்லை. ஏழாம் பக்கத்தில், பதினான்காம் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் ஒரு கழித்தற்குறி விடுபட்டிருந்தது. அதனைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன்.